வெள்ளையாய்த் தெரிவதெல்லாம் பன்றியா?

ஜாசின் பக்கம் மாமாவுக்குக் கொஞ்சம் செம்பனை இருக்கிறது. நட்ட கன்றுகளைக் காட்டுப்பன்றிகள் ஒரே இரவில் தோண்டிப் போட்டுவிடுகின்றன. துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருக்கும் அவர் மகன் கேட்டான்: “மச்சான், தெர்மல் வாங்கவா, நைட் விஷன் வாங்கவா?”

தெர்மல் உடற்சூட்டைப் பார்க்கும். கும்மிருட்டிலும் பன்றி இருக்கும் இடம் பளிச்சென்று தெரியும். ஆனால் 256×192 பிக்சல் கருவியில், தூரத்தில் நிற்கும் பன்றியும் குனிந்திருக்கும் மனிதரும் ஒரே வெள்ளைப் புள்ளிதான். டிஜிட்டல் நைட் விஷன் அகச்சிவப்பு விளக்கின் உதவியால் உருவத்தைத் தெளிவாகக் காட்டும். 850 நானோமீட்டர் விளக்கு தூரம் போகும், லேசாகச் சிவக்கும். 940 கண்ணுக்குத் தெரியாது, தூரமும் குறைவு.

“தேடுவதற்குத் தெர்மல், உறுதி செய்ய நைட் விஷன்,” என்றேன். “தேடும் கருவி கையில் இருக்கட்டும். துப்பாக்கியை நீட்டித் தேடாதே.”

எங்கள் பாட்டி விடியுமுன் பால் வெட்டப் போனவர். பன்றியென்று நினைத்து மனிதரைச் சுட்ட செய்தியை நான் வானொலியில் வாசித்திருக்கிறேன், குரல் நடுங்கியது.

காட்டுப்பன்றியைச் சுட பெர்ஹிலித்தான் உரிமம் வேண்டும். இரவில் சுட அனுமதி உண்டா என்பதையும் அங்கேயே கேளுங்கள். கருவி வாங்குவது அதன் பிறகுதான்.

சந்தேகமா? விரலை எடுத்துவிடுங்கள். கன்றை மறுபடி நடலாம்.