கழுத்துக்குத் தெரியும் காமிராவின் கனம்

காமிரா வாங்கப் போகிறவர்களை நீங்கள் எப்போதாவது கவனித்ததுண்டா? பட்டுப்புடவைக் கடையில் நாம் படுத்தும் பாடெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. லென்ஸைக் கழற்றச் சொல்வார்கள், மாட்டச் சொல்வார்கள், கண்ணில் வைத்துப் பார்ப்பார்கள், கடைக்காரரை நூறு கேள்விகள் கேட்பார்கள். கடைசியில் பெட்டியின் ஒரு மூலையில் பிளாஸ்டிக் பையில் சுருண்டு கிடக்கும் வாரை மட்டும் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது இனாமாக வந்ததுதானே! வீட்டுக்கு வந்ததும் எப்படியோ கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

அந்த இனாம் வார் செய்த வேலையைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் சாலையில் வாழப்பாடி இருக்கிறதல்லவா? அங்கே என் சித்தி மகள் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மகளிர் சுய உதவிக் குழுவில் கடன் வாங்கி ஒரு காமிரா வாங்கினாள். வளைகாப்பு, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று அக்கம்பக்கத்து விசேஷங்களுக்குப் படம் பிடிக்கிறாள். ஆண்கள் கூட்டத்தில் காமிராவுக்கு முன்னால் நிற்கக் கூச்சப்படும் பெண்கள், இவளைக் கண்டால் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். அதனால் தொழிலுக்குக் குறைவில்லை.

சென்ற தை மாதத்தில் நான் போயிருந்தபோது, ஆள் கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்பிப் பார்த்தாள்.

"என்னடி, கழுத்துச் சுளுக்கா?" என்றேன்.

"சுளுக்கு இல்லேக்கா, காமிரா. ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தா மூணு நாள் இப்படித்தான். இந்தத் தொழிலையே விட்டுடலாமான்னு இருக்கு" என்றாள். தவணையில் பாதிகூடக் கட்டி முடியவில்லை. சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது.

காமிராவைத் தூக்கிப் பார்த்தேன். லென்ஸும் மேல் விளக்கும் சேர்ந்து இரண்டு கிலோவுக்குப் பக்கத்தில் இருக்கும். அந்தக் கனம் முழுவதும் இரண்டு விரல் அகலமுள்ள ஒரு பட்டையில், பிடரியில், காலை முகூர்த்தத்திலிருந்து மாலை வரவேற்பு வரையில் தொங்கினால் கழுத்து என்ன ஆகும்?

இதற்கு விடை சொன்னவர் வைத்தியரல்ல, அவளுடைய மாமியார். மரவள்ளிக் கிழங்கு விளையும் பூமி அது. அந்த அம்மாள் இளமையில் வயலிலிருந்து கிழங்குக் கட்டு சுமந்தவர். வாரைக் கையில் வாங்கி, உதட்டைப் பிதுக்கினார்.

"ஏங் கண்ணு, நாங்க சும்மாடு இல்லாம ஒரு நாளாச்சும் பாரம் தூக்கியிருப்பமா? பாரம் கனமில்லே, அது உக்கார்ற எடந்தான் கனம். அப்புறம், பாரத்தை ஒடம்போட ஒட்டி வெச்சுக்கணும். எட்டத் தொங்கவிட்டா ஒண்ணுக்கு ரெண்டா இழுக்கும்" என்றார்.

பௌதிகப் புஸ்தகத்தில் ஒரு அத்தியாயம் முழுவதும் எழுதியிருப்பதை அந்த அம்மாள் நான்கு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்! ஒரே பாரம் 2 சென்டிமீட்டர் அகலப் பட்டையில் தொங்குவதைவிட 4 சென்டிமீட்டர் பட்டையில் தொங்கினால், அழுத்தம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். உள்ளே மெத்தென்று ஒரு திண்டு வைத்துத் தைத்திருந்தால் இன்னும் சுகம். காமிரா வாருக்கு அதுதான் சும்மாடு. ஆனால் ஒன்று: கழுத்தில் மாட்டும் வார் மிகவும் அகலமாகவும் விறைப்பாகவும் இருந்தால், கழுத்து வளைவில் படியாமல் அதன் ஓரம் வெட்டும். ஆகையால் மாட்டிப் பார்த்தே வாங்க வேண்டும்.

ரப்பர் போல இழுபடும் வார்களும் உண்டு. கடையில் மாட்டிப் பார்க்கும்போது பாரமே தெரியாது. நடக்க ஆரம்பித்தால்தான், தூளியில் குழந்தை ஆடுவது போலக் காமிரா மேலும் கீழும் குதிப்பது தெரியும். இலேசான காமிராவுக்குப் பாதகமில்லை. கனமான லென்ஸுக்கு அதிகம் இழுபடாத வாரே மேல்.

அடுத்த விஷயம், எங்கே மாட்டிக்கொள்வது என்பது. பிடரியில் தொங்கவிட்டால் பாரம் நம்மை முன்னால் இழுக்கிறது. நாம் அதை எதிர்த்துக் கழுத்தைப் பின்னால் இழுக்கிறோம். நாள் முழுவதும் நடக்கும் இந்தக் கயிறிழுக்கும் போட்டியில் தோற்பது கழுத்துதான். ஒரு தோளில் மாட்டி, மார்பின் குறுக்கே எதிர்ப்பக்க இடுப்புக்குக் கொண்டுவந்தால், பாரத்தைத் தோள் தாங்கும், காமிராவும் உடம்போடு ஒட்டி நிற்கும். இடுப்பில் குழந்தையைத் தூக்கிப் பழகிய நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் எந்தத் தோள்? இங்கேதான் புடவை கட்டுகிறவர்களின் சங்கடம் ஆரம்பமாகிறது. வார் செய்கிறவர்கள் சட்டை போட்ட தோளை மனத்தில் வைத்தே செய்கிறார்கள் போலிருக்கிறது. நம் இடது தோளிலோ முந்தானை இருக்கிறது. பட்டின்மேல் வார் வழுக்கும், மடிப்புக் கசங்கும், குத்தியிருக்கும் ஊக்கு இழுபட்டுப் புடவை கிழியும். ஆகவே வலது தோளில், ரவிக்கைத் துணியின்மேல் மாட்டி, காமிராவை இடது இடுப்பில் விட்டுக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் கை தடுமாறும். பிறகு பழகிவிடும். வாரின் உட்புறம் வழவழப்பில்லாமல் சற்றுச் சொரசொரப்பாக இருக்கட்டும். கழுத்திலேயே மாட்டித்தான் ஆகவேண்டுமென்றால், தாலிக்கொடியும் சங்கிலியும் வாருக்கு அடியில் மாட்டிக்கொள்ளாதபடி உள்ளே தள்ளிவிடுங்கள்.

நீளமும் முக்கியம். காமிரா இடுப்பெலும்பை ஒட்டி நிற்க வேண்டும். தொடையில் இடித்தால் நீளம் அதிகம். கண்ணருகே தூக்கும்போது வார் இழுத்துப் பிடித்தால் நீளம் போதாது.

இவ்வளவும் பேசி முடித்து, மறுநாள் எல்லோருமாக முத்துமலை முருகனைத் தரிசிக்கப் புறப்பட்டோம். அதே ஆத்தூர் சாலையில், புத்திரகவுண்டன்பாளையத்தில் இருக்கிறது கோயில். 2022 ஏப்ரலில் கும்பாபிஷேகம் நடந்தது. முருகனின் உயரம் 146 அடி. மலேசியாவில் பத்துமலை முருகன் 140 அடி என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! அங்கே வருகிறவர்கள் அத்தனை பேரும் தலையை அண்ணாந்து பார்க்கிறார்கள். யாரும் கீழே பார்ப்பதில்லை. என் தங்கையும் சுவாமியின் வேல் முழுவதும் படத்தில் விழ வேண்டுமென்று பின்னால் பின்னால் போய், காமிராவை உயர்த்தினாள்.

'சரக்'கென்று ஒரு சத்தம். வாரின் ஒரு முனை பிடி விட்டுக் காற்றில் ஆடியது. நல்லவேளையாக அவள் இடது கை லென்ஸுக்கு அடியில் இருந்தது. இல்லாவிட்டால் மீதித் தவணை அத்தனையும் கருங்கல் தரையில் சிதறியிருக்கும். அவள் முருகா என்றாள். நான் மூச்சே விடவில்லை.

வார் அறுந்துவிட்டது என்றுதான் இருவரும் நினைத்தோம். அறுந்திருக்கவில்லை! திரும்பும் வழியில் பேருந்து நிலையத்தருகே செருப்புத் தைக்கும் பெரியவரிடம் காட்டினோம். அவர் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"வாரு நல்லாத்தாம்மா இருக்கு. மாட்டுனதுதான் தப்பு. நுனியை உள்ளே மடக்கி விடலையே!" என்றார்.

இந்த இடத்தைச் சற்று நிதானமாகப் படியுங்கள். வாரின் முனையைக் காமிராவின் வளையத்தில் நுழைத்து, மடக்கி, பிளாஸ்டிக் கொக்கிக்குள் மேலும் கீழுமாகக் கோக்க வேண்டும். மிஞ்சும் நுனி, வாரின் இரண்டு மடிப்புகளுக்கும் நடுவே உட்புறமாகப் போக வேண்டும். வெளியே துருத்திக்கொண்டு நின்றால், நைலான் நாளுக்கு ஒரு நூலளவு நழுவிக்கொண்டே வந்து ஒருநாள் கை விரித்துவிடும். உள்ளே போன நுனியை மேல் பட்டையே அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மூன்று விரற்கடையாவது நுனி மிஞ்சியிருக்கட்டும்.

பெரியவர் இன்னொன்றும் காட்டினார். நல்ல வாரில் தையல் ஒற்றைக் கோடாக இராது. ஒரு பெட்டி போட்டு, அதற்குள் பெருக்கல் குறி போட்டுத் தைத்திருக்கும். ஒரு நூல் அறுந்தாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும். தோல் வாரானால் தையலுக்குப் பக்கத்தில் மடக்கிப் பார்க்க வேண்டும். மயிரிழை வெடிப்புத் தெரிந்தால் அந்த வார் வேண்டாம்.

பட்டை எவ்வளவு பலமாக இருந்து என்ன? காமிராவோடு சேரும் அந்தச் சின்ன வளையம்தான் எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. சாவிக்கொத்து வளையம் போல மெல்லியதாக இருந்து, வாய் பிளந்திருந்தால் உடனே மாற்றுங்கள். 'கிளிக்'கென்று கழற்றி மாட்டும் குமிழ்கள் இப்போது வருகின்றன. சௌகரியமானவைதான். ஆனால் அவற்றின் மெல்லிய கயிறு தேய்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சில கயிறுகளில் உள்ளே வேறு நிறம் வைத்து நெய்திருக்கிறார்கள். அந்த நிறம் வெளியே தெரிந்தால் கயிற்றை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

காமிராவின் அடிப்புறத் துளையில் திருகி மாட்டும் வாரும் உண்டு. தோட்டின் திருகாணி தானாகக் கழன்று, வீடு முழுவதும் தேடிய அனுபவம் உங்களுக்கு உண்டல்லவா? அதே திருகாணிதான் இதுவும். நடக்க நடக்கச் சுழன்று தளரும். அப்படிப்பட்ட வார் வாங்கினால், மேல் வளையத்தோடு இன்னொரு காப்புக் கயிறும் கட்டிக்கொள்ளுங்கள்.

எந்தப் பொருளில் வாங்கலாம்? நைலான் பலமானது, மழைக்கு அஞ்சாது, ஆனால் வழுக்கும். ஓரம் கழுத்தை அராவும். பருத்தி நம் வெயிலுக்கு இதமானது, வேர்வையை உறிஞ்சும், அலசி உலர்த்தலாம். தோல் பார்வைக்கு லட்சணம். நம் நாட்டில் ஆவாரம் பட்டை கொண்டு தோல் பதனிட்ட பழக்கம் பழையது. ஆனால் வேர்வையின் உப்புத் தோலுக்கு ஆகாது. விசேஷம் முடிந்ததும் துடைத்து நிழலில் காயவைக்க வேண்டும். சாயம் ஒட்டுகிறதா என்று முதலில் ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். இல்லாவிட்டால் கல்யாணப் புடவை போய்விடும்!

'புடவையும் கட்டிக்கொண்டு, இந்தப் பாரத்தையும் தூக்கிக்கொண்டு, இதெல்லாம் நமக்கு எதற்கு?' என்று யாராவது கேட்கலாம். ஹோமாய் வியாரவாலா என்ற அம்மையாரை அவர்களுக்கு ஞாபகப்படுத்துங்கள். 1913இல் பிறந்தவர். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். புடவை கட்டிக்கொண்டே, அந்தக் காலத்துக் கனமான காமிராக்களைச் சுமந்து டில்லியைச் சைக்கிளில் சுற்றியவர். 2011இல் பத்ம விபூஷண் பெற்று, 2012இல் காலமானார்.

அந்தக் காலத்தில் அவர் போன்றவர்கள் உபயோகித்த ரோலிஃபிளெக்ஸ் காமிராவை மார்பருகே பிடித்து, மேலிருந்து குனிந்து பார்த்துப் படம் எடுப்பார்கள். கழுத்து வாரை விறைப்பாக இழுத்துப் பிடித்தால் கை ஆடாது. இன்றும் திரையைப் பார்த்துப் படம் எடுக்கும்போது, காமிராவை முன்னால் தள்ளி வாரை விறைப்பாக்கிப் பாருங்கள். மங்கலான வெளிச்சத்தில் வார் ஒரு மூன்றாவது கையாகிவிடும்.

இனிச் சில எச்சரிக்கைகள். புது வாரை மாட்டியதும் கட்டிலின் மேல், மெத்தைக்கு ஒரு சாண் உயரத்தில் பிடித்துக்கொண்டு, இலேசாக உலுக்கிச் சோதியுங்கள். மாதம் ஒருமுறை வளையம், கொக்கி, தையல் மூன்றையும் விரலால் தடவிப் பாருங்கள். மேஜை விளிம்பில் வாரைத் தொங்கவிடாதீர்கள். தவழும் குழந்தை அதைத்தான் பிடித்து இழுக்கும். குழந்தைகள் கழுத்தில் மாட்டிவிட்டு ஓடவிடாதீர்கள். ஸ்கூட்டரில் போகும்போது காமிரா பைக்குள் இருக்கட்டும். தொங்கும் வாரும் பறக்கும் துப்பட்டாவும் சக்கரத்துக்கு ஒன்றுதான். காமிராவின் பெயரைப் பெரிய எழுத்தில் போட்ட வார், திருடனுக்கு அனுப்பும் அழைப்பிதழ். இவ்வளவுக்குப் பிறகும் கையில் மரத்துப்போதலோ விரலில் சுருசுருப்போ இருந்தால், வாரை மாற்றிக்கொண்டிராமல் டாக்டரைப் பாருங்கள்.

என் தங்கை இப்போது அகலமான பருத்தி வார் ஒன்றை வலது தோளில் மாட்டிக்கொள்கிறாள். உட்புறத் திண்டை அவள் மாமியாரே பழைய நூல் புடவையை மடித்துத் தைத்துக் கொடுத்திருக்கிறார். போன வாரம் டெலிபோனில் பேசினாள்.

"அக்கா, ரெண்டு கல்யாணம் முடிச்சிட்டு வந்தேன். கழுத்து நல்லாத் திரும்புது!" என்றாள்.

"தவணை?"

"இன்னும் ஏழுதான்!"

உங்கள் வீட்டிலும் ஒரு காமிரா இருக்கும். இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் அதை எடுத்து, வாரின் நுனி உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். தொடர்கதை எங்கே ஓடிவிடப் போகிறது? பிறகு படித்துக்கொள்ளலாம்.