கால்நடைகளின் குடற்கிருமிகளை அளந்தறிதல்

திருநின்றவூரிலும் அதனைச் சூழ்ந்த கிராமங்களிலும், மனைக்கட்டுகள் பெருகிவந்தபோதிலும், நெற்பயிரோடு கறவை மாடும் கோழியும் வைத்துக் காப்பவர் இன்றும் உளர். மாட்டுக்குக் கழிச்சல் கண்டால் மருந்துக்கடையில் ஆண்டிபயாடிக் மாத்திரை வாங்கிப் புகட்டுவதும், சாணம் கட்டியவுடன் நிறுத்திவிடுவதும் பல இடங்களில் வழக்கமாயிருக்கின்றன. மாடு பிழைத்ததா என்பதொன்றே கவனிக்கப்படுகிறது. அதன் குடலிலுள்ள கிருமிகள் என்னவாயின என்பதை எவரும் அளந்து பார்ப்பதில்லை. அளந்து பாராமல் மருந்து வழங்கிவருவது, கணக்கெழுதாமல் களஞ்சியத்தைத் திறந்து விடுவதை ஒக்கும்.

குடற்கிருமிகள் யாவும் பகையல்ல. பசுவின் முதல் இரைப்பையில் கோடானுகோடியாக வாழும் நுண்ணுயிர்களே வைக்கோலைப் பக்குவப்படுத்தி அதற்கு ஆகாரமாக்குகின்றன. வாய்வழியே புகட்டும் மருந்து நோய்க்கிருமியோடு இவற்றையும் அழிக்கக்கூடும். அசை போடுதல் குறையும், தீனி வெறுக்கும், பால் சுருங்கும். வளர்ந்த மாடுகளுக்குக் கால்நடை வைத்தியர்கள் பெரும்பாலும் ஊசியையே நாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இது கண்ணுக்குத் தெரியும் நஷ்டம். தெரியாத நஷ்டம் இதனினும் பெரிது. மருந்துக்கு மடியாத சில கிருமிகள் எஞ்சி, போட்டியின்றிப் பெருகுகின்றன. சாணத்தோடு எருக்குழிக்கும், அங்கிருந்து கழனிக்கும், கறப்பவர் கைக்கும் செல்கின்றன. அமெரிக்காவில் ஸ்டூவர்ட் லெவி என்னும் அறிஞர் கோழித்தீவனத்தில் டெட்ராசைக்ளின் வகை மருந்தைக் கலந்து செய்த சோதனை 1976-ல் வெளியாயிற்று. ஒரே வாரத்தில் அக்கோழிகளின் குடற்கிருமிகள் அநேகமாக முழுவதும் அம்மருந்துக்கு அடங்காதவையாயின. ஐந்தாறு மாதங்களுக்குள் பண்ணையில் வசித்தவர்களின் மல மாதிரிகளில் 31.3 சதவீதத்தில், கிருமிகளில் 80 சதவீதத்திற்கு மேற்பட்டவை அவ்வாறே அடங்காதிருந்தன. அயல் வீட்டாரிடம் இது 6.8 சதவீதமே. அம்மனிதர்கள் மருந்தை உண்டவர்களல்லர் என்பது கவனிக்கத்தக்கது.

நம் நாட்டிலும் இதன் அபாயம் உணரப்பட்டிருக்கிறது. வேறு மருந்துகள் பயனற்றுப்போன நோயாளிக்கு வைத்தியர்கள் கடைசியாகக் கையாளும் கோலிஸ்டின் என்பதை, உணவுக்குரிய கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் மீன் வளர்ப்பிலும் தீவனத்திலும் உபயோகிப்பதை இந்திய சர்க்கார் 2019-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் தடைசெய்தனர். அம்மருந்துக்கு அடங்காத தன்மையை ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லும் மரபுக்கூறு சீனாவில் கண்டறியப்பட்டு 2015-ல் வெளியிடப்பட்டிருந்தது. தடை நல்லதே. ஆயினும் ஏனைய மருந்துகள் நம் தொழுவங்களில் என்ன செய்கின்றன என்பதைத் தடையுத்தரவு கூறாது, அளவையே கூறும்.

அளக்கும் முறை பெரிய மர்மமன்று. புதிய சாணத்தில் 1 கிராம் எடுத்து 9 மில்லிலிட்டர் தூய உப்புநீரில் கலக்குகிறார்கள். அதில் 1 பங்கை மீண்டும் 9 பங்கு நீரில் கலந்து, இவ்வாறே பலமுறை பத்துப் பத்தாகக் குறைத்து, கிருமிகளுக்கு உணவான கூழ் ஊற்றிய இரண்டு தட்டுகளில் தடவுகிறார்கள். ஒரு தட்டில் மருந்து உண்டு; மற்றதில் இல்லை. 37 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் ஒரு நாள் வைத்தால் கிருமிக் கூட்டங்கள் புள்ளி புள்ளியாகத் தோன்றும். மருந்தில்லாத தட்டில் 200 புள்ளியும் மருந்துள்ளதில் 20-ம் இருப்பின், பத்தில் ஒரு பங்கு அடங்காதவை என்பது கணக்கு. ஒருமுறை எண்ணுவதால் பயனில்லை. மருந்துக்கு முன்னும், கொடுக்கும்போதும், நிறுத்திய ஒரு வாரத்திலும், ஒரு மாதத்திலும் எண்ணவேண்டும். மருந்து பெறாத வேறொரு தொழுவத்து மாட்டையும் ஒப்புக்கு எண்ணவேண்டும். தட்டில் வளராத கிருமிகளும் பல உண்டு. அவற்றை மரபணுச் சோதனையால் அறியலாம். செலவு மிகுந்த அம்முறைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

இரண்டு மாடுகளின் பாலை நம்பியிருக்கும் குடும்பம், நோய் கண்ட மாட்டைச் சோதனைக்காக வெறுமனே விட்டுவைக்க முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. மருந்தை மறுக்கும்படி எவரும் சொல்லவில்லை. வைத்தியர் சீட்டின்றி இம்மருந்துகளை விற்கலாகாதென்று சட்டம் இருக்கிறது. ஆனால் வைத்தியர் எட்டாத இடத்தில் சட்டத்தை மட்டும் காட்டுவது குடியானவரைப் பரிகசிப்பதாகும். வைத்தியர் வருகையும் மாதிரி எடுத்தலும் சேர்ந்தே நடைபெற வேண்டும். கிராம நிர்வாக அலுவலரும் கால்நடை மருந்தகத்தாரும் மருந்தின் பெயர், அளவு, நாட்கள் ஆகியவற்றைக் குறிக்க ஒரு புத்தகம் வைத்தால் முதற்படி நிறைவேறும்.

பரிசோதனைக்கு நெடுந்தூரம் போகவேண்டியதுமில்லை. மாதவரத்தில் 1989-ல் ஏற்பட்ட கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. திருநின்றவூரில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கினால் அது சமீபமே. பனிக்கட்டியில் வைத்த மாதிரியைக் காலை ரயிலில் அனுப்பினால் அன்றே தட்டில் தடவ அவகாசமிருக்கும்.