பதினான்கு அடிப் பிரலாபம்

ஹோமரின் காவியத்துக்குள் இக்காலத்துப் பெண்ணின் குரலைப் புகுத்துவது அபசாரம் என்னும் பண்டித ஆட்சேபணை, பாட் பார்க்கரின் 'தி சைலன்ஸ் ஆஃப் தி கேர்ள்ஸ்' நாவல் 2018-இல் வெளிவந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் ஓய்ந்தபாடில்லை.

ஆட்சேபிப்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்ததுண்டா? இலியட் ஏறத்தாழ 15,700 அடிகள் கொண்டது. ட்ராய் போரில் கிரேக்கத் தலைவர்களான அக்கிலீஸுக்கும் அகமெம்னனுக்கும் மூண்ட கலகத்துக்கு, ஆகவே காவியம் முழுவதற்குமே, நிமித்தமானவள் பிரைசீஸ் என்னும் சிறைப்பெண். அவள் வாய் திறப்பது 19-ஆம் காண்டத்தில் ஒரே ஒரு முறை, 14 அடிகளுக்கு மட்டுமே. ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை! அக்கிலீஸின் தோழன் பட்ரோகுளஸின் சடலத்தின்மீது விழுந்து, கணவன் ஊர்முன்னே வெட்டுண்டு கிடந்ததையும், சகோதரர் மூவர் மாண்டதையும், அந்தக் கணவனைக் கொன்ற அக்கிலீஸுக்கே தன்னை மணமுடித்து வைப்பதாகப் பட்ரோகுளஸ் தேற்றியதையும் அவள் சொல்லிப் பிரலாபிக்க, உடனிருந்த பெண்களும் அழுகிறார்கள். இறந்தவன் பேரைச் சாக்கிட்டு அவரவர் தத்தம் துக்கத்துக்கே அழுதார்கள் என்பதை ஹோமரே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார்.

பார்க்கர் அந்த வித்தைத்தான் வளர்த்திருக்கிறார். மகனைக் கொன்றவனின் கையை முத்தமிட்ட ட்ராயின் கிழ அரசன் பிரியாமின் துயரம் 2,500 ஆண்டுகளுக்கு மேலாக உலகத்தை உருக்கி வந்திருக்கிறது. நாவலில் அதைக் கண்டு நிற்கும் பிரைசீஸ், கணவனையும் சகோதரர்களையும் கொன்றவனின் படுக்கையில் தான் கிடக்க நேர்ந்ததை நினைத்துக்கொள்கிறாள். அந்த ஓரிடத்துக்காகவே, நடுவில் அக்கிலீஸின் மனத்துக்குள் புகுந்து கதை திசைமாறும் குறையை மன்னித்துவிடலாம்.

நாவலின் சிப்பாய்கள் இக்கால இங்கிலீஷ் கொச்சையில் பேசுவது காலவழுவாம்! ஹோமரின் வீரர்கள் பேசியதும் எந்த ஊர்த் தெருவிலும் வழங்காத, பல வட்டார வழக்குகளைக் கலந்து கவிகள் சமைத்துக்கொண்ட பாஷையே. இதற்குமேல் இவர்களுக்குப் பதில் அநாவசியம். கி.மு. 415-இல் யூரிப்பிடீஸ் 'ட்ராய் நகரத்துப் பெண்க'ளை அரங்கேற்றியதும், ரோமானியக் கவி ஓவிட் இதே பிரைசீஸின் பெயரால் கடிதம் புனைந்ததும் இவர்களுக்குச் செவ்வியல் சம்பத்து. அதே காரியத்தை ஒரு பெண் செய்தால் மட்டும் அபசாரம். ஆட்சேபணை காலவழுவைப் பற்றியதன்று, எழுதிய கையைப் பற்றியது என்பது வெட்டவெளிச்சம்.

இலியட்டைப் பாடமாக வைக்கும் கல்லூரிகள் இனி இந்த நாவலையும் அதன் பக்கத்தில் வைக்கட்டும். மனமில்லாதவர்கள் ஹோமரையும் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிடலாம்.