எலும்பு கூடினால் மட்டும் போதுமா?

பைக் விபத்தில் இடுப்பெலும்பு உடைந்தவர் தேறி நடக்கத் தொடங்கியதும் வீட்டார் நிம்மதியடைகிறார்கள். சிக்கல் அதன் பிறகும் வரலாம்.

இடுப்பின் முன்புறம் இரு எலும்புகளும் சேரும் மூட்டுக்குப் பின்னால்தான் சிறுநீர்ப்பை இருக்கிறது. மோதலில் அந்த மூட்டு பிளந்தால், இடைவெளி வழியாகப் பை முன்னே பிதுங்கக்கூடும். அரிதுதான். ஆனால் நின்றால் புடைத்து, படுத்தால் அமுங்கும் வீக்கம், அடிக்கடி சிறுநீர், கசிவு என்று படுத்திவிடும். பலர் வெட்கப்பட்டு வாயே திறப்பதில்லை.

பிளவு 2.5 செ.மீ.யைத் தாண்டினால் பொதுவாக பிளேட், ஸ்குரூ வைத்து இறுக்குவார்கள். அப்போது பை நடுவில் சிக்கிவிடாமல் பார்ப்பது மிக முக்கியம். பையில் சாயமருந்து நிரப்பி எடுக்கும் சிடி ஸ்கேன் நிலைமையைக் காட்டிவிடும். பிதுங்கியிருந்தால், ஒட்டிக்கொண்ட தழும்பிலிருந்து பையைப் பக்குவமாகப் பிரித்து, உள்ளே தள்ளி, கிழிசல் இருந்தால் தைத்து, தேவைப்பட்டால் வலை வைத்து இடைவெளியை மூடுகிறார்கள். எலும்பு மருத்துவரும் சிறுநீரியல் நிபுணரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது.

தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம், சாலை விபத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை வரம்புக்குட்பட்டு ஏற்கிறது. அருமையான திட்டம். அதற்குப் பிந்தைய மாதங்களுக்கும் கண்காணிப்பு வேண்டும். இடுப்பு முறிந்தவரிடம் ஒவ்வொரு மறுபரிசோதனையிலும், சிறுநீர் எப்படிப் போகிறது என்று மருத்துவர்கள் தாமாகவே கேட்க வேண்டும்.