ஆட்டிசமும் ‘போன ஜென்மத்துப் பாவமும்’

ஆட்டிசம் உள்ள குழந்தையை வளர்க்கும் தாயிடம் நம் ஊர் கேட்கும் கேள்விகள் அதிகமில்லை. “வயித்துல இருக்கும்போது என்ன சாப்பிட்ட?” “போனைக் கையில குடுத்துட்டு வேலைக்குப் போயிட்டியா?” “தடுப்பூசி போட்டதால வந்துச்சா?” கடைசியாக, கேள்வியாக இல்லாமல் ஆறுதலாக ஒன்று வரும்: “போன ஜென்மத்துல யாரு என்ன பாவம் பண்ணாங்களோ.” என் அக்காவின் மகனுக்கு இப்போது எட்டு வயது. அவனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்த நாளிலிருந்து அக்கா இந்த நான்கையும் கேட்டுவருகிறாள். முதல் மூன்றுக்கு மருத்துவர்கள் பதில் சொல்லிவிடுவார்கள். நான்காவதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான், சாதி ஒழிப்பைப் பேசுகிறவர்கள்.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். ஆட்டிசம் நோயல்ல. மூளை வளரும் விதத்தில் தொடக்கத்திலிருந்தே இருக்கும் வேறுபாடு. பேச்சு, பிறரோடு பழகுவது, ஒலியையும் ஒளியையும் தொடுதலையும் உணர்வது ஆகியவற்றில் அது வெளிப்படும். ஒரு குழந்தையைப் போல இன்னொரு குழந்தை இருக்காது. சிலர் பட்டம் படித்து வேலைக்குப் போகிறார்கள். சிலருக்கு வாழ்நாள் முழுவதும் ஒருவர் துணை வேண்டும். எங்கள் பையன் பேசுவதில்லை. வேண்டியதைப் படத்தைத் தொட்டுக் காட்டுவான். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். பேருந்து ஹாரன் நமக்கு எரிச்சல், அவனுக்கு வலி. அந்த வலியைத்தான் ஊர் ‘அடங்காத பிள்ளை’ என்கிறது. தமிழில் இதை ‘மன இறுக்கம்’ என்று எழுதுகிறார்கள். அரசு வழக்கில் ‘புற உலகச் சிந்தனைக் குறைபாடு’ என்றும் ஒரு பெயர் உண்டு. இரண்டுமே அவனுக்குப் பொருந்தவில்லை. அவன் மனம் இறுகிக் கிடக்கவில்லை. புற உலகம் அவனுக்குத் தெரியாமலும் இல்லை. தாங்க முடியாத அளவுக்கு அது உள்ளே வருவதுதான் அவன் சிக்கல்.

தாயைக் குற்றவாளியாக்கும் பழக்கம் நம் ஊர்ப் பாட்டிகள் மட்டும் கண்டுபிடித்ததல்ல. 1943இல் அமெரிக்க மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் ஆட்டிசம் பரவலாக அறியப்பட்டது. அதற்கடுத்த ஆண்டுகளில், பிள்ளைகளிடம் அன்பு காட்டாத ‘குளிர்பதனப் பெட்டித் தாய்மார்கள்’தான் இதற்குக் காரணம் என்று படித்த அறிஞர்களே நம்பினார்கள். ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லாண்ட், இது உயிரியல் சார்ந்தது என்று வாதிட்டு 1964இல் எழுதிய நூல் அந்தப் பழியை அசைத்தது. 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை, பழியைத் தடுப்பூசியின் மேல் போட்டது. அதை வெளியிட்ட ‘லான்செட்’ இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. என் அக்கா செவிலியர். இதெல்லாம் அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும், “நான் நைட் டியூட்டி பார்த்ததாலயா இருக்குமோ?” என்று ஒருநாள் என்னிடம் கேட்டாள். படிப்பால்கூடத் துடைக்க முடியாத அளவுக்கு அந்தப் பழி உள்ளே இறங்கியிருக்கிறது.

இனி பாவத்துக்கு வருவோம். 2024இல் சென்னையில் ஓர் அரசுப் பள்ளிக்கு அழைக்கப்பட்ட ஆன்மிகப் பேச்சாளர் ஒருவர், உடல் குறைபாட்டுக்கும் ஏழ்மைக்கும் முற்பிறவிப் பாவமே காரணம் என்று மாணவர்களிடம் பேசியது நினைவிருக்கும். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து கேள்வி கேட்டார். பேச்சாளர் கைது செய்யப்பட்டார். அந்த ஆசிரியரைச் சமூக ஊடகங்களில் நாம் கொண்டாடினோம். இரண்டு வாரத்தில் மறந்தும்போனோம்.

அந்தப் பேச்சாளர் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை. மனுஸ்மிருதியின் 11ஆம் அத்தியாயம், குருடரும் செவிடரும் ஊமையரும் அறிவு குன்றியோரும் பழைய பாவத்தின் மிச்சத்தால் அப்படிப் பிறக்கிறார்கள் என்கிறது. 9ஆம் அத்தியாயம் அவர்களுக்குச் சொத்தில் பங்கில்லை என்கிறது. சோறும் துணியும் கொடுத்தால் போதும் என்கிறது. சேரியில் பிறப்பதற்குச் சொல்லப்பட்ட காரணமும் இதே வினைதான். பிறப்பைத் தண்டனையாக்குவது, உரிமையைப் பறிப்பது, பறித்த இடத்தில் பிச்சையை வைப்பது என்று மூன்று படிகளும் ஒன்றே. பாவக் கணக்கு உண்மை என்று ஒருவர் நம்பிவிட்டால், தன் தெருவில் இருக்கும் ஆட்டிசக் குழந்தைக்கும் தன் ஊரில் இருக்கும் சேரிக்கும் அவர் கடன்பட்டவர் அல்ல. அவர்களுக்குச் செய்வதெல்லாம் தர்மம் ஆகிவிடுகிறது.

இது பழைய ஏட்டில் மட்டும் கிடந்த விஷயமல்ல, அண்மைக்காலம்வரை சட்டமாக இருந்தது. உடல் குறைபாட்டைக் காரணம் காட்டி இந்து வாரிசுகளின் சொத்துரிமையை மறுக்கக் கூடாது என்று 1928இல் பிரிட்டிஷ் இந்தியாவில் ஒரு சட்டம் வந்தது. அதிலும் ஒரு விலக்கு வைத்தார்கள்: பிறவியிலேயே புத்தி சரியில்லாதவர் என்று கருதப்பட்டவர்களுக்கு அந்த உரிமை இல்லை. பேசாத எங்கள் பையன் அன்று பிறந்திருந்தால் அந்த விலக்குக்குள்தான் தள்ளப்பட்டிருப்பான். 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டம், 28ஆம் பிரிவில், எந்த நோயும் குறைபாடும் வாரிசுரிமைக்குத் தடையில்லை என்றது. அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது? பாபாசாகேப் கொண்டுவந்து, நாடாளுமன்றத்தில் முடக்கப்பட்டு, 1951இல் அவர் அமைச்சர் பதவியையே விட்டு வெளியேறக் காரணமான இந்து சட்டத் தொகுப்பு மசோதாவைப் பிற்பாடு துண்டுதுண்டாக நிறைவேற்றினார்கள். அதில் ஒரு துண்டு இது. பெண்களின் சொத்துரிமைக்காக அந்த மசோதாவை நினைவுகூர்கிறோம். மாற்றுத்திறனாளிகளுக்காகவும் நினைவுகூர வேண்டும்.

இன்னொரு உறவும் உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் 92ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில், அவமானப்படுத்தும் நோக்கத்தோடு மாற்றுத்திறனாளியை இழிவுபடுத்தினாலோ மிரட்டினாலோ ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை, அபராதம். இந்த வாசகத்தை நமக்கு ஏற்கெனவே தெரியும். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் எழுதப்பட்ட அதே வாசகம், அதே தண்டனைக் காலம். நம் மக்கள் ரத்தம் சிந்திப் பெற்ற சட்டத்தின் சொற்கள் இன்று எங்கள் பையனையும் காக்கின்றன.

1995ஆம் ஆண்டின் பழைய மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றது. அதில் ஆட்டிசம் இல்லை. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இடம்பெற்றாலும், கல்வியும் வேலைவாய்ப்பும் உள்ளிட்ட முழு உரிமைகளுக்கு 2016வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது சட்டம் ஏற்கும் 21 வகைகளில் அதுவும் ஒன்று.

சட்டம் உரிமை என்று சொல்ல, ஆட்சியாளர்கள் தெய்வம் என்கிறார்கள். 2015இல் பிரதமர் ‘திவ்யாங்’ என்ற சொல்லை முன்வைத்தார். தெய்வீக உறுப்பு கொண்டவர் என்று பொருள். துறையின் பெயரிலும் அது ஏறிவிட்டது. நம் ஊரில் ‘சாமி குழந்தை’ என்கிறார்கள். இதையும் நாம் முன்பே பார்த்திருக்கிறோம். ‘ஹரிஜன்’ என்றால் கடவுளின் பிள்ளைகள். அந்தப் பெயரைச் சட்டத்தில் எழுதியதை எதிர்த்து 1938இல் பம்பாய் சட்டமன்றத்திலிருந்து அம்பேத்கரும் அவர் கட்சியினரும் வெளிநடப்புச் செய்தார்கள். பெயர் உயர்ந்தால் நிலை உயர்ந்துவிடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சாமி குழந்தை என்று கன்னத்தைத் தட்டிய அதே பக்கத்து வீட்டம்மா, தன் பேரனைப் பிறந்தநாளுக்கு இவனோடு சேர்த்து உட்கார வைக்கவில்லை.

அக்கா குடும்பம் கடலூரில் வாடகை வீடு தேடிய கதையைச் சொன்னால் புரியும். சில வீடுகளில் முதல் கேள்வியே “நீங்க என்ன ஆளுங்க?” அதோடு முடிந்தது. அதைத் தாண்டிக் கிடைத்த வீட்டை எட்டே மாதத்தில் காலி செய்யச் சொன்னார்கள். பையன் ராத்திரியில் சத்தம் போடுகிறானாம். பள்ளியும் அப்படித்தான். “மற்ற பெற்றோர் ஆட்சேபிக்கிறார்கள்” என்று ஒரு தனியார் பள்ளி மென்மையாகச் சொல்லி அனுப்பியது. மற்றவர்கள் ஆட்சேபிப்பார்கள் என்ற வாதத்தை வைத்துத்தான் நம் தாத்தாக்களைத் திண்ணைக்கு வெளியே உட்கார வைத்தார்கள். கல்வி உரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டபோது, பின்தங்கிய பிரிவுக் குழந்தைகள் என்ற வரையறையில் பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைகளோடு மாற்றுத்திறன் குழந்தைகளும் சேர்க்கப்பட்டார்கள். சட்டத்தில் ஒரே வரியில் இருக்கிறோம், வெளியே ஒரே வாசலில் நிறுத்தப்படுகிறோம்.

சாதியும் மாற்றுத்திறனும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. சாதி ஒழிந்தால் சாதி அடையாளம் தேவைப்படாது. ஆட்டிசம் அப்போதும் இருக்கும், துணையும் வேண்டியிருக்கும். ஆட்டிசம் எல்லாச் சாதியிலும் பிறக்கிறது. ஆனால் எல்லாச் சாதியிலும் அது ஒரே மாதிரி வாழ்வதில்லை. வசதியுள்ள வீட்டில் இரண்டு வயதில் கண்டுபிடிக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் “ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்” என்று மூன்று நான்கு ஆண்டுகள் போய்விடும். பேச்சுப் பயிற்சிக்கு 45 நிமிடத்துக்கு 600 ரூபாய் கொடுக்கிறாள் அக்கா. வாரத்தில் மூன்று நாள் போகச் சொன்னார்கள். ஒரு நாள்தான் முடிகிறது. என் மாமா மின்வாரியத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. பையனைப் பார்த்துக்கொள்ள அக்கா வேலையை விட்டாள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகச் சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போட்ட பெண் அவள். இரண்டு தலைமுறை உழைத்து ஏறிய ஒரு படி, அரசு கொடுத்திருக்க வேண்டிய ஒரு பயிற்சி மையம் பக்கத்தில் இல்லாததால் சறுக்கிப்போனது. இதை ‘தாயின் தியாகம்’ என்று பாராட்டுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இவ்வளவும் ஊரைப் பற்றி. நம்மைப் பற்றியும் பேச வேண்டும். எதிரணிக்காரரைத் திட்ட நம் பக்கங்களில் புழங்கும் சொற்களைக் கவனியுங்கள்: லூசு, மென்டல், மூளை வளர்ச்சி இல்லாதவன், குருட்டுப் பக்தன், செவிட்டு அரசு. சாதிப் பெயரை வசையாக்கினால் கொதிக்கும் நாம் இதைச் சாதாரணமாக எழுதுகிறோம். ஒரு மதவெறியனின் கொடுமைக்கு அவன் மூளை காரணமல்ல, அவன் அரசியல் காரணம். அவனைத் திட்ட எங்கள் பையனை ஏன் இழுக்கிறீர்கள், தோழர்களே?

நம் கூட்டங்களையும் பாருங்கள். பறையிசை நம் பெருமை. அதன் முதல் அடி விழுந்ததும் அக்கா அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓட வேண்டியிருக்கிறது. பறையை நிறுத்தச் சொல்லவில்லை. எப்போது ஒலிக்கும் என்று முன்கூட்டியே அறிவிக்கலாம். சத்தமில்லாத ஓர் அறையை ஒதுக்கலாம். அவன் கத்தினால் திரும்பி முறைக்காமல் இருக்கலாம். இதற்கு நிதி வேண்டாம், தீர்மானம் வேண்டாம்.

தீர்மானம் வேண்டியவை வேறு. அரசுப் பள்ளிகளில் சிறப்பாசிரியர்கள் ஆண்டுக்கணக்கில் தொகுப்பூதியத்தில் உழல்கிறார்கள். அவர்களை நிரந்தரமாக்கும் கோரிக்கை நம் கோரிக்கைப் பட்டியலில் இல்லை. பேச்சுப் பயிற்சியும் செயல்முறைப் பயிற்சியும் மாவட்டத் தலைநகரோடு நிற்காமல் வட்டார அளவில் இலவசமாக, தமிழில் கிடைக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பு மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர் என்றது. ஆட்டிசத்தைத் தனியாக எண்ணவே இல்லை. அடுத்த கணக்கெடுப்பில் சாதி எண்ணப்படும் என்று 2025இல் மத்திய அரசு அறிவித்தது நம் நீண்ட கோரிக்கையின் வெற்றி. அதே கணக்கெடுப்பில் 21 வகைக் குறைபாடுகளும் சாதிவாரியாக எண்ணப்பட வேண்டும் என்று நாம்தான் கேட்க வேண்டும். எந்தச் சாதிக் குழந்தைக்குச் சான்றிதழ் கிடைத்தது, எந்தச் சாதிக் குழந்தை பள்ளிக்கு வெளியே நிற்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

அடுத்த முறை உங்கள் தெருவில் யாராவது ஒரு தாயிடம் “போன ஜென்மத்துப் பாவம்” என்று ஆறுதல் சொன்னால் அங்கேயே மறுத்துப் பேசுங்கள். அந்தத் தாய்க்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருக்கும்.