ஏணியில் எத்தனையாவது படி?

ஆண்டுதோறும் மார்ச் 20ஆம் திகதி சர்வதேச மகிழ்ச்சி தினம். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2012இல் அதனைப் பிரகடனம் செய்தது. அந்நாளையொட்டி, நாடுகளை மகிழ்ச்சியின் அடிப்படையில் வரிசைப்படுத்தும் உலக மகிழ்ச்சி அறிக்கையும் வெளிவருகின்றது. 2025ஆம் ஆண்டு அறிக்கையில் 147 நாடுகளுள் இலங்கைக்கு 133ஆவது இடம். இந்தியாவுக்கு 118, நேபாளத்துக்கு 92. பின்லாந்து முதலிடம். காணி இழந்து இடம் மாறி வாழும் உங்களோடு இதைப்பற்றிப் பேச விரும்புகிறேன். ஏனெனில் இத்தகைய எண்கள் உங்கள் வாழ்வையும் தொடாமல் விடுவதில்லை.

இக்கணிப்பு எப்படிச் செய்யப்படுகின்றது? கெலப் என்ற நிறுவனம் பெரும்பாலான நாடுகளில் ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் பேரிடம் ஒரு கேள்வி கேட்கிறது. ஓர் ஏணியை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். உச்சிப்படி 10, அது உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல வாழ்வு. அடிப்படி 0, அது மிக மோசமான வாழ்வு. இன்று நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்? மூன்று ஆண்டுகளின் பதில்களைச் சேர்த்துச் சராசரி எடுத்து நாடுகளை வரிசைப்படுத்துகிறார்கள். அதிகாரிகளிடம் கேளாமல் மக்களிடமே கேட்பது இதன் சிறப்பு. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கு மேலேயுள்ள ஒரு குடியிருப்பில் இதே கேள்வியை ஒரு வயதான தாயிடம் கேட்டேன். அணை கட்டுமுன் தெல்தெனியப் பக்கம் குத்தகைக்குத் தோட்டம் செய்த குடும்பம் அவருடையது. சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்:

"சாமி, புள்ளைங்க ரெண்டும் படிச்சிருச்சுங்க, அதுக்கு ஏழு குடுக்கலாம். வீடு இருக்கிற காணி இன்னும் நம்ம பேருல இல்ல, அதுக்கு ரெண்டுதான். தம்பி குடும்பம் மகாவலிக்குப் போயிருச்சு, நல்லது கெட்டதுக்கு வர ஏலாது. அதுக்கு என்னா குடுக்கிறது? எல்லாத்தையும் கூட்டி ஒரே நம்பர் கேட்டா எப்புடி சாமி சொல்றது?"

இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. கூட்டும்போது காணியுறுதி இல்லாத கவலை, பிள்ளையின் படிப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஏணியின் உச்சி எதுவென்று தீர்மானிப்பவர் பதில் சொல்பவரே. இனி எதுவும் மாறாது என்று மனம் விட்டவருக்கு உச்சி தாழ்ந்துவிடும். அவர் ஆறு என்று சொல்லக்கூடும். உரிமையைப்பற்றி அறிந்து, இதைவிட நன்றாக வாழலாம் என்று நம்பத் தொடங்கிய அவருடைய மகள் நான்கு என்பாள். யார் விழித்திருக்கிறார்? வெளியிலிருந்து வருவோர் நம் மக்களின் சிரித்த முகத்தைப் படம் பிடித்துக்கொண்டு, "இல்லாமையிலும் இவர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்" என்று சொல்வதுண்டு. விருந்தினரைச் சிரித்து வரவேற்பது நம் பண்பாடு. அது நம் நிலைமைக்கு நாம் கொடுத்த சம்மதக் கையொப்பம் அல்ல.

நாட்டுச் சராசரி நம்மை மறைத்தது இது முதல் தடவையல்ல. 1979இல் மொரிஸ் டேவிட் மொரிஸ் என்ற அறிஞர் எழுத்தறிவு, சிசு மரணம், ஆயுள் எதிர்பார்ப்பு ஆகியவற்றைக்கொண்டு வாழ்க்கைத்தரச் சுட்டி ஒன்றை நூலாக வெளியிட்டார். நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பெற்ற இலங்கையை வறிய நாடுகளுக்கு முன்மாதிரி என்று உலகம் புகழ்ந்தது. அதே எழுபதுகளில்தான் தோட்டங்களில் மக்கள் பட்டினியால் இறந்தார்கள். காணிச் சீர்திருத்தத்தின் பின் கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டு வவுனியா, கிளிநொச்சி வரை சென்றன. 2019இல் வறியோர் தொகை நாடு முழுவதற்கும் 14.3 வீதம். பிரித்துப் பார்த்தால் நகரத்தில் 6, கிராமத்தில் 15, தோட்டத்தில் 33.8 வீதம்.

விக்டோரியா அணையும் அப்படியே. 1985இல் திறக்கப்பட்ட அது நாட்டின் மிக உயரமான அணை. மின்னுற்பத்தித் திறன் 210 மெகாவாற். பழைய தெல்தெனிய நகரம் அதன் நீருக்குள். அங்கிருந்தோரில் சிலர் கண்டிப் பகுதித் தேயிலைக் காணிகளிலும் ஏனையோர் மகாவலிக் குடியேற்றங்களிலும் அமர்த்தப்பட்டனர். கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய நகரத்தின் இடிபாடுகள் வெளியே தெரியும். மின்சாரத்தை மெகாவாற்றில் அளந்தோம். பிரிந்துபோன அயலை எதில் அளந்தோம்?

இது வீண் விவாதமல்ல. 2023இல் தொடங்கிய அஸ்வெசும நலன்புரித் திட்டத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் புள்ளி இடப்பட்டே உதவி தீர்மானிக்கப்பட்டது. தகுதியிருந்தும் விடுபட்டோம் என்று இலட்சக்கணக்கானோர் மேன்முறையீடு செய்தார்கள். எண் தவறினால் அடுப்பு எரியாது.

அதற்காக எண்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 33.8 என்ற எண் இல்லாவிட்டால் தோட்ட மக்களின் வறுமையை எதைக்கொண்டு வாதிடுவது? 2022இன் பொருளாதார நெருக்கடியில் மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற நாடு பட்டியலின் அடியில் இருப்பது பொய்யுமல்ல. ஆனால் முழு நாட்டுக்கும் ஒரே எண் போதாது. யாரிடம் கேட்டீர்கள், எங்கே கேட்டீர்கள், பிரித்துக் காட்டுங்கள் என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

அத்தோடு, நம்மை நாமே கணக்கெடுக்கவும் வேண்டும். உங்கள் அடுத்த சங்கக் கூட்டத்தில் ஒரு கொப்பியை எடுத்து வீட்டுக்கு வீடு ஐந்து கேள்விகளை எழுதுங்கள். காணிப்பத்திரம் யார் பெயரில்? தண்ணீர் எடுக்க எவ்வளவு நேரம்? மாதத்தில் எத்தனை நாள் வேலை? இரவில் வருத்தம் வந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள்? உங்கள் பிள்ளைகள் இங்கேயே வாழ விரும்புகிறார்களா? பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். அவர்களுடைய பதில் ஆண்களுடையதைப் போன்றே இருக்கும் என்று எண்ணவேண்டாம். பதில்களைக் கூட்டிச் சராசரி எடுக்காமல், எழுதியபடியே கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் கொடுங்கள். ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

நாம் எத்தனையாவது படியில் நிற்கிறோம் என்பதைப் பிறகு பார்க்கலாம். ஏணி ஊன்றியிருக்கும் காணி யாருடையது என்பதை முதலில் தீர்ப்போம்.