ஆயிரம் ஆண்டு அனுபவம் போதாது

"மூலிகைதானே, பக்கவிளைவே கிடையாது" என்று கடைக்காரரும் சொல்கிறார், தொலைக்காட்சி விளம்பரமும் சொல்கிறது. முன்னோர் தலைமுறை தலைமுறையாக உண்டதை எலிக்குக் கொடுத்துப் பார்க்க என்ன இருக்கிறது என்று படித்தவர்களே கேட்கிறார்கள். இந்த நம்பிக்கை ஆளைக் கொல்லக்கூடியது.

சித்த மருத்துவம் ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லை. எட்டிக்கொட்டை, சேராங்கொட்டை, நாபி ஆகியவற்றைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்கக் கூடாது என்பது அதன் விதி. அளவு, அனுபானம், பத்தியம் எல்லாம் வகுத்ததும் மூலிகை தீங்கு செய்யும் என்று தெரிந்ததால்தான்.

ஆனால் அனுபவத்துக்கு எட்டாத தீங்குகள் உண்டு. குடித்த ஒரு மணி நேரத்தில் வாந்தி வந்தால் எந்த வைத்தியரும் கண்டுகொள்வார். பல ஆண்டுகள் கழித்துச் சிறுநீரகம் சுருங்கினால், என்றோ குடித்த கஷாயத்தோடு அதை யார் முடிச்சுப் போடுவார்?

நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையும் ஈசுரமூலியும் அரிஸ்டோலோக்கியா இனத்தைச் சேர்ந்தவை. அந்த இனச் செடிகள் ஐரோப்பாவிலும் சீனாவிலும்கூட நூற்றாண்டுகளாக மருந்தாக இருந்தவைதான். அவற்றிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலத்தை ஜெர்மனியில் எலிகளுக்கு மூன்று மாதம் வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். இரைப்பையில் புற்றுக்கட்டிகள், சிறுநீரகத்திலும் சிறுநீர்ப்பையிலும்கூட. அத்தனை தலைமுறை வைத்தியர்கள் கண்ணில் படாததை எலிகள் காட்டிக்கொடுத்தன. 1982இல் ஆய்வு வெளிவந்தது. அந்த அமிலம் கொண்ட மருந்துகளை ஜெர்மனி நிறுத்தியது.

பல நாடுகள் காதில் வாங்கவில்லை. 1990 முதல் 1992 வரை பிரஸ்ஸல்ஸில் உடல் மெலிய வந்த பெண்களுக்குக் கொடுத்த மருந்தில், வேறொரு சீன மூலிகையின் இடத்தில் அரிஸ்டோலோக்கியா வேர் புகுந்திருந்தது. நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் பழுதானது. செயலிழந்த சிறுநீரகங்களை அகற்றிக்கொண்ட 39 பேரைப் பற்றிய ஆய்வு 2000இல் வந்தது: 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய். நோய்க்காகக்கூட அல்ல, எடை குறைவதற்காக விழுங்கிய மருந்து அது.

"எலியும் மனிதனும் ஒன்றா?" என்பவர்களுக்கு இதைவிட என்ன பதில் வேண்டும்? எலியில் தெரியாத தீங்கு மனிதனில் வரலாம், அது உண்மை. எலியிலேயே தெரிந்ததைப் பார்க்காமல் விட அது காரணமாகாது.

இந்திய மருந்து விதிகளில் 2010இல் சேர்ந்த 158பி விதிப்படி, பழைய நூல்களில் உள்ள மூலப்பொருள்களை அந்நூல்கள் சொன்ன நோய்க்கே பயன்படுத்தினால், நச்சுப் பட்டியலில் உள்ளவை கலக்காதவரை, நிறுவனத்தின் சொந்தத் தயாரிப்புக்கும் பாதுகாப்பு ஆய்வு தேவையில்லை. நூலில் இருப்பது சில நாள் பத்தியத்தோடு குடித்த கஷாயம். கடையில் இருப்பது சுண்டக் காய்ச்சிய சாற்றின் மாத்திரை. சர்க்கரை மாத்திரையோடும் ரத்த அழுத்த மாத்திரையோடும் சேர்த்து ஆண்டுக்கணக்கில் விழுங்குகிறார்கள். இரண்டும் ஒரே மருந்து என்று எப்படி நம்புவது?

சோதித்தோம் என்று சொல்லும் நிறுவனங்களில் எத்தனை, ஒரே ஒரு வேளை மருந்து கொடுத்துப் பதினான்கு நாள் எலி சாகாமல் இருந்ததோடு நிறுத்திக்கொள்கின்றன என்று கேட்க வேண்டும். உடனே கொல்லும் நஞ்சைத்தான் அது காட்டும். தொண்ணூறு நாள் தினமும் கொடுத்து, ரத்தத்தில் கல்லீரல் நொதிகளையும் கிரியேட்டினினையும் அளந்து, கடைசியில் சிறுநீரகத்தைச் சீவி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அதையும் தோட்டத்தில் பறித்த இலையில் செய்தால் போதாது. விற்கும் புட்டியில் உள்ளதையே சோதிக்க வேண்டும். பிரஸ்ஸல்ஸில் செடியே மாறியிருந்ததை வேறெப்படிப் பிடிப்பது?

வாயில்லா ஜீவன்களை வதைக்கலாமா என்று கேட்பவர்களின் மனம் எனக்குப் புரிகிறது. உயிரணுச் சோதனையில் விடை கிடைக்கும் கேள்விக்கு ஓர் எலியைக்கூடக் கொல்லக் கூடாது. ஆனால் சோதனையே வேண்டாம் என்றால், காசு கொடுத்து வாங்கும் நோயாளிதான் சோதனைக்கு ஆளாகிறார். அவருடைய ரத்தத்தை யாரும் அளப்பதில்லை, அவருக்கு என்ன ஆனது என்று யாரும் எழுதிவைப்பதும் இல்லை. எந்தச் சோதனை, எத்தனை நாள், என்ன கண்டது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் புட்டியின் மேலேயே அச்சிட வேண்டும். இதற்கு அரசு உடனே விதி செய்ய வேண்டும்.